வாய்ச்சாலம் வேண்டாம், சரக்கு ஞானம் போதும்

வியாபாரிக்கு வாய்தான் முதல் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. இதைக் கேட்டுக் கேட்டே, பேச்சு வராத பிள்ளைகள் பலர் அப்பாவின் கடையில் உட்காரத் தயங்குகிறார்கள். உட்கார்ந்தாலும் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்காமல், கேட்டதை நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். 'விலை அதிகமாக இருக்கிறதே' என்று ஒருவர் சொன்னால் உடனே குறைத்துவிடுகிறார்கள். கூச்சத்தினால் போகும் இந்தப் பணம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. கொள்முதல் பாக்கி கட்ட வேண்டிய நாளில்தான் தெரிய வருகிறது.

துணிந்து விற்பது பிறவிக் குணம் அல்ல, பழகினால் வருவது என்பதே நமது கருத்து. ராமேஸ்வரம் கோயில் வீதிகளில் வடநாட்டு யாத்திரிகர்களுடன் இந்தியில் பேசி விற்கும் கடைக்காரர்களைப் பாருங்கள். எத்தனை பேர் அதைப் பள்ளியில் படித்தார்கள்? எண்களும் விலையும் நாலு வார்த்தையுமாகத் தொடங்கி, தினமும் பேசிப் பேசியே நாக்குக்கு வந்தது அது.

அதே ராமேஸ்வரத்தில், 1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சமயம் புளியங்கொட்டைக்குத் திடீர் கிராக்கி ஏற்பட்டது. எட்டு வயதுச் சிறுவனான அப்துல் கலாம் அதைச் சேகரித்து, மசூதித் தெரு மளிகைக் கடையில் கொடுத்து, நாளுக்கு ஓர் அணா சம்பாதித்ததாகத் தமது சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அங்கே வாய்ச்சாலத்துக்கு என்ன வேலை? எந்தச் சரக்கு யாருக்கு வேண்டும் என்று தெரிந்து, நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தால் பாதி விற்பனை முடிந்தது.

மீதிப் பாதிக்குச் சரக்கு ஞானம் வேண்டும். நம் மாவட்டத்து முண்டு மிளகாயையே எடுத்துக்கொள்வோம். 'குண்டூர் மிளகாய் இருக்க இது எதற்கு?' என்று வாடிக்கையாளர் கேட்டால், கூச்சப்படுபவர் விழிக்கிறார். 'இது நம்ம ஊர் வானம் பார்த்த பூமியில் விளைந்தது. உருண்டை, தடித்த தோல், நல்ல சிவப்பு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. கையில் எடுத்துப் பாருங்கள்' என்று சொல்ல நாலு வாக்கியம் போதும். அவை மனதில் இருந்தால் குரல் தானே நிமிரும்.

கருப்பட்டியில் சீனி கலப்பதுண்டு என்பது வாங்குபவருக்கும் தெரியும். எந்தப் பக்கத்துச் சரக்கு, யாரிடம் எடுத்தது என்று நமக்குத் தெரிந்திருந்தால் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லலாம். சந்தேகச் சரக்கை வைத்துக்கொண்டு தைரியமாகப் பேசுவது துணிவு அல்ல, ஏமாற்று.

பேரத்துக்குப் பயப்படுபவர்கள் காலையில் கடை திறக்கும்போதே ஒவ்வொரு சரக்குக்கும் கட்டுபடியாகும் கடைசி விலையைக் குறித்து வைக்கட்டும். விலைப் பலகையும் எழுதித் தொங்கவிடட்டும். யார் கேட்டாலும் ஒரே விலை என்றால் வாதாடவே தேவையில்லை. கடன் கேட்பவரிடமும் அப்படியே. 'பழைய பாக்கியை முடித்துவிடுங்கள், அடுத்ததைத் தருகிறேன் அண்ணாச்சி' என்று சிரித்த முகத்துடன் சொல்லப் பழக வேண்டும். காரணம் சொல்லி நீட்டினால்தான் மனஸ்தாபம் வரும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் முன்னால் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒருமுறை கூனிய பையன் நிமிர நெடுநாள் ஆகும். தினம் ஒரு மணி நேரம் கல்லாவை அவனிடம் விட்டு விலகி நில்லுங்கள்.

எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. சரக்கெடுக்க வருபவர்களில் பலர் விலையை மட்டும் கேட்டுப் போகிறார்கள். எந்த ஊர் வரத்து, புதுசா பழசா, எத்தனை நாள் தாங்கும் என்றும் கேளுங்கள். சலிக்காமல் சொல்வது எங்கள் பொறுப்பு.

இன்று கைபேசியில் சொன்னால் வீட்டுக்கே மளிகை வருகிறது. பெரிய கடைகள் தள்ளுபடி தருகின்றன. அந்த விலைக்கு நம்மால் ஈடு கொடுக்க முடியாமல் போகலாம். ஆனால் 'இந்தப் பருப்பு சீக்கிரம் வேகும், அக்கா' என்று தெரிந்து சொல்லும் மனிதர் நம் கடையில்தான் இருக்கிறார். அவரும் வாய் திறக்காவிட்டால் நம்மிடம் வருவதற்கு வாடிக்கையாளருக்கு என்ன காரணம் இருக்கிறது?