கடலைச் சேரும் நீர் வீணன்று

மாரி பெருகிக் கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும்போதெல்லாம், இத்தனை நீரும் வீணாகக் கடலுக்குப் போகின்றதே என்ற புலம்பல் வன்னியிலே தவறாது எழுகின்றது. கமக்காரரும் அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் ஒருமுகமாக ஏற்றுக்கொண்டுவிட்ட இந்த அபிப்பிராயம் பிழையானது என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது. ஏனெனில், நீரைப் பற்றிய பிழையான சிந்தனையே நீரைப் பற்றிய பிழையான செயல்களுக்கெல்லாம் காரணமாகின்றது.

மலைநாட்டிலே பிறந்து ஆண்டு முழுவதும் ஓடும் மகாவலி கங்கையைப் போன்றதன்று நமது கனகராயன் ஆறு. வவுனியாப் பகுதியின் தாழ்ந்த காட்டு நிலங்களிலே தோன்றி, வடக்கு நோக்கி ஓடிச் சுண்டிக்குளக் கடல்நீரேரியை அடையும் அந்த ஆறு, ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையாலேயே பெரிதும் உயிர் பெற்று, கோடையிலே வெறும் மணற்படுக்கையாகி விடுகின்றது. சில நாள்களுக்குள் திரண்டு வரும் அதன் வெள்ளம் முழுவதையும் ஒரு கட்டினால் மறித்துவிடலாம் என்று எண்ணுவது பேராசையாகும். அந்த ஆற்றை மறித்து 1902ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய இரணைமடுவின் கட்டு அண்மைக்காலத்தில் உயர்த்தப்பட்ட பின்னரும், 2018 டிசெம்பர் மாதத்து மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறத்தலாகாது.

கடலுக்குப் போகும் நீர் அங்கே செய்யும் தொழில்தான் யாது? கனகராயன் ஆறு சுண்டிக்குளத்திலும், முத்தையன்கட்டுக் குளத்தைக் கடந்து வரும் பேராறு நந்திக்கடல் நீரேரியிலும் கொண்டுவந்து சேர்க்கும் நன்னீர், கோடையில் ஏறிய உவர்ப்பைத் தணித்து, காட்டு மண்ணின் சத்தைப் பரப்பி, இறாலும் மீனும் வளர்வதற்கு இடமளிக்கின்றது. அந்த இறாலை நம்பி வாழும் குடும்பங்களும் வன்னியின் பிரஜைகளே. வயலுக்குப் பாயும் நீர் மாத்திரமே பயனுள்ள நீர் என்று தீர்ப்பளிக்க நமக்கு யாதோர் அதிகாரமும் இல்லை.

சிறுபோகத்தில் பயிர் வாடும்போது மார்கழி வெள்ளத்தை நினைத்து ஏங்கும் கமக்காரனின் துயரம் உண்மையானது. அதனை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் அவன் இழந்த நீரைத் தேட வேண்டிய இடம் கடற்கரையன்று, ஆற்றின் மேற்புறமேயாகும். ஒரு குளத்தின் வான் நீர் அடுத்த குளத்தின் வரவாகும்படி தொடர்தொடராக நம் முன்னோர் கட்டிய சிறுகுளங்கள் பல, யுத்தத்தினாலும் இடப்பெயர்வினாலும் பராமரிப்பற்றுத் தூர்ந்தன. நீரேந்து பிரதேசங்களிலே காடு அழிக்கப்பட்டு, ஆற்று மணல் அள்ளப்படுகின்றது. மண்ணுள் ஊறிக் கிணறுகளைக் காக்க வேண்டிய மழை, இதனாலேயே தங்குவதற்கு இடமின்றி ஒரே மூச்சில் ஓடிவிடுகின்றது. உண்மையான விரயம் இங்கேதான் நிகழ்கின்றது.

ஆகவே, நீர்ப்பாசனத் திணைக்களமும் கமநல சேவை நிலையங்களும் கமக்காரர் அமைப்புகளும், பெருங்குளமொன்றின் கட்டை இன்னும் ஓரடி உயர்த்துமாறு கோருவதற்கு முன்னர், அதற்கு மேலேயுள்ள சிறுகுளங்களைத் தூர்வாரி, அவற்றின் துருசுகளைச் செப்பனிட்டு, எஞ்சியுள்ள காட்டைக் காப்பதற்கு முற்பட வேண்டும். அதன் பின்னரும் வான் பாய்ந்து கடலைச் சேரும் நீர், கடல்நீரேரிக்கும் அதனை நம்பி வாழ்வோருக்கும் உரிய பங்கென்றே கொள்ளப்பட வேண்டும்.