எதிர்ப்பு சக்தி பாக்கெட்டில் கிடைக்குமா?

"எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் கேன்சர் ஓடிப்போகும்." பொடி விற்பவர் சொல்கிறார், லேகியம் விற்பவர் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் அனுப்புபவரும் சொல்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது... ஆனால் உண்மையா? மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் கதையைக் கேட்டால் பதில் தெரியும்.

உடலின் வெள்ளை அணுக்கள் சைட்டோகைன் எனப்படும் புரதங்கள் மூலம்தான் பேசிக்கொள்கின்றன. "தாக்கு" என்று சொல்வதும் சைட்டோகைன், "நிறுத்து" என்று சொல்வதும் சைட்டோகைன். இரண்டும் வேண்டும். நிறுத்த ஆளில்லை என்றால் வெள்ளை அணுக்கள் சொந்த உடலையே கடித்துக் குதறிவிடும்.

சரி, "தாக்கு" என்பதை மட்டும் அள்ளிக் கொடுத்தால்? அதையும் செய்து பார்த்தாயிற்று. பரவிவிட்ட மெலனோமாவுக்கு இன்டர்லூகின்-2 என்ற சைட்டோகைனை அமெரிக்கா 1998ல் அனுமதித்தது. ஆய்வுகளில் 270 நோயாளிகள். கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது 16 சதவீதம் பேருக்கு. அதில் முழுசாக மறைந்தது மொத்தத்தில் 6 சதவீதம் பேருக்குத்தான். பக்கவிளைவோ பயங்கரம்! ரத்தக் குழாய்கள் கசிந்து, ரத்த அழுத்தம் சரிந்து, தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில்தான் கொடுக்க முடியும். நிஜமாகவே எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் இப்படித்தான் இருக்கும்.

மற்றவர்களுக்கு ஏன் பலிக்கவில்லை? கட்டி சும்மா இருப்பதில்லை. டிஜிஎஃப்-பீட்டா போன்ற "நிறுத்து" செய்திகளைச் சுற்றிலும் பரப்பி, தாக்க வருபவரைத் தூங்க வைக்கிறது. இன்டர்ஃபெரான்-காமா என்பது வெள்ளை அணுக்களின் போர்க்குரல். அதைக் கேட்டதுமே கட்டி தன் மேல் பிடி-எல்1 என்ற கேடயத்தை மாட்டிக்கொள்கிறது. போலீஸ் ஊதும் விசிலே திருடனுக்கு எச்சரிக்கை!

விசிலைப் பலமாக ஊதுவதை விட, வெள்ளை அணுக்களின் பிரேக்கை விடுவிப்பதில்தான் வழி இருந்தது. அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் 2018ல் நோபல் பரிசு பெற்றார்கள். பரவிய மெலனோமா வந்தால் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டாத காலம் போய், இப்படிப்பட்ட இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்ததாக 2024ல் முடிவு வந்தது. இந்த மருந்துகளிலும் குடல், கல்லீரல், தைராய்டு தாக்கப்படும் ஆபத்து உண்டு.

இத்தனை சிக்கலான கணக்கை ஒரு ஸ்பூன் பொடி தீர்க்கும் என்பது அறியாமை. காசு வாங்கிக்கொண்டு சொன்னால் அது மோசடி.

நம் நிறத்தவருக்கு மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வரும். ஆரம்பத்தில் அறுத்து எடுத்தாலே குணமாகக்கூடியது. பொடியைக் கரைத்துக் குடித்துக் காத்திருக்கும் மாதங்களில் அது பரவிவிடலாம். அந்த நஷ்டம் பொடி விற்றவர் கணக்கில் ஏறாது, குடித்தவர் கணக்கில்தான் ஏறும்.