பையன் மேல் பழி

அடியோடு கெட்டுப் போன கம்ப்யூட்டரால் குடும்பத்தில் கலகம் வருவதில்லை. அதைத் தூக்கிக் கொண்டு கடைக்குப் போகிறோம். அவர்கள் சொல்லுகிற தொகையைக் கேட்டுத் தலையில் கையை வைத்துக் கொள்கிறோம். அத்துடன் சரி. கலகம் வருவதெல்லாம், நினைத்துக் கொண்டால் படுத்து, நினைத்துக் கொண்டால் எழுந்திருக்கிற கம்ப்யூட்டரால்தான். திங்கட்கிழமை நாள் முழுதும் சமர்த்தாக வேலை செய்கிறது. செவ்வாய்க்கிழமை மூன்று தடவை பட்டென்று அணைந்து, தானே மறுபடியும் கிளம்புகிறது. கடைக்காரர் மேஜை மீது வைத்தாலோ, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்துடன் இரண்டு நாள் ஓடுகிறது. வீட்டுக்கு வந்த அன்று மாலையே பழைய குணம்!

யந்திரத்திடம் காரணம் அகப்படாத போது, மனிதர்கள் அதை மனிதர்களிடம் தேட ஆரம்பித்து விடுகிறார்கள். திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தைப் பாருங்கள். அவர் வீட்டிலிருந்தபடியே மூன்று கடைகளுக்கு ஜி. எஸ். டி. கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்.

"கணக்குப் பாதியில் இருக்கும் போது கம்ப்யூட்டர் அணைந்து விடுகிறது. கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, ஒரு 'ராம்' துண்டையும் மாற்றினார்கள். நான்கு நாளில் மறுபடியும் அதே கதை. பன்னிரண்டு வயதுப் பையன் விளையாட்டுக்களை ஏற்றியதால்தான் இப்படி என்று அவன் அப்பா ஒரே முடிவாக இருக்கிறார். ஒரு மாதமாக அவனுக்குத் தடை. முதலில் 'நான் ஒண்ணும் பண்ணலைம்மா' என்று சொல்லிக் கொண்டிருந்தான். இப்போது சொல்லுவதையும் நிறுத்தி விட்டான். அதுதான் எனக்குக் கஷ்டமாயிருக்கிறது. காலஞ்சென்ற என் தகப்பனாரின் படங்களும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன."

இந்தக் கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. அவசரமானது கடைசி வாக்கியம். ஆகையால் அதிலிருந்தே தொடங்குவோம்.

திடீர் திடீரென்று அணைகிற கம்ப்யூட்டர், ஏதாவது எழுதிக் கொண்டிருக்கிற சமயத்தில் அணைந்தால், எழுதிக் கொண்டிருந்த ஏடு பாழாகலாம். சில சமயம் டிஸ்கே கோளாறாகியிருந்து, அதனாலும் யந்திரம் நிற்கலாம். எனவே வைத்தியம் பார்ப்பதற்கு முன்னால், படங்கள், கணக்குகள், கடிதங்கள் எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்கில் பிரதி எடுத்து விடுங்கள். பிரதி எடுத்த டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்து விட வேண்டும். முடிந்தால் இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். இதைச் செய்யாமல் விண்டோஸை அழித்துப் போடச் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள். தகப்பனார் படத்தை எந்தக் கடைக்காரராலும் திரும்பக் கொண்டு வர முடியாது.

அடுத்தபடி நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். சிரிக்காதீர்கள். இந்த விஷயத்தில் மெக்கானிக்கை விட வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நோயாளி விழுகிற போது அவர் அங்கே இருப்பதில்லை, நாம் இருக்கிறோம். விழும் ஒவ்வொரு தடவையும் நாலு விஷயம் எழுதுங்கள்: தேதியும் மணியும், திரையில் என்ன ஓடிக் கொண்டிருந்தது, வீட்டில் வேறு என்ன ஓடிக் கொண்டிருந்தது, எப்படி விழுந்தது.

இந்த நாலாவதுதான் முக்கியம். கம்ப்யூட்டர் மூன்று விதமாக விழும். எழுத்துக்களுடன் ஒரு நீலப் பக்கம் காட்டி விட்டு விழுவது ஒன்று (2025-லிருந்து விண்டோஸ் 11-இல் அந்தப் பக்கத்துக்குக் கறுப்புப் புடவை கட்டி விட்டார்கள்). எலி அம்பு கூட அசையாமல் சிலையாக உறைந்து போவது மற்றொன்று. விளக்கை ஊதினாற் போல் சொல்லாமல் கொள்ளாமல் அணைவது மூன்றாவது. நீலப் பக்கம் வந்தால், விண்டோஸுக்குத் தவறு நடந்தது தெரிந்திருக்கிறது, வாக்குமூலம் கொடுக்க அவகாசமும் இருந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் ஏதாவது ஒரு 'டிரைவர்' மென்பொருள் மீது சந்தேகப்படலாம். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பெயர் வந்தால் ஞாபகப் பகுதியான 'ராம்' மீது சந்தேகம். ஒன்றுமே சொல்லாமல் அணைந்தால் முதல் சந்தேகம் மின்சாரமும் உஷ்ணமும்தான்.

நீலப் பக்கம் கண்ணில் படாமல் ஓடிவிடுவதும் உண்டு. விழுந்தவுடன் தானே எழுந்து ஓட வேண்டுமென்று விண்டோஸுக்கு உத்தரவு இருக்கிறது. 'சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ்' என்ற பக்கத்தில், 'அட்வான்ஸ்டு' என்ற பிரிவில், 'ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி' என்கிற இடத்தில் 'ஆட்டோமேடிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்து விட்டால், சாவகாசமாகப் படிக்கும்படி அந்தப் பக்கம் நிற்கும்.

யந்திரமும் தன் பங்குக்கு ஒரு டயரி எழுதிக் கொண்டுதான் இருக்கிறது. தேடும் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று அடித்துப் பாருங்கள். நாள் வாரியாக ஒரு பட்டியல் வரும். கோளாறான நாட்களில் சிவப்புக் குறி இருக்கும். 'ஈவெண்ட் வியூவர்' என்பது இன்னும் விஸ்தாரமான டயரி. அதில் 41 என்ற எண்ணுடன் 'கெர்னல் பவர்' என்று இருந்தால், முறையாக மூடாமலே யந்திரம் அணைந்து போயிற்று என்று பொருள். உள்ளே 'பக்செக்' என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால், நீலப் பக்கம் போட அவகாசமே இல்லை. ஒன்று மின்சாரம் தவறியிருக்க வேண்டும், அல்லது யந்திரம் அடியோடு உறைந்திருக்க வேண்டும்.

'பக்' என்றால் பூச்சி. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையின் மார்க் 2 என்ற கம்ப்யூட்டர் தகராறு செய்தது. திறந்து பார்த்தால் ஒரு 'ரிலே'யின் இடுக்கில் விட்டில் பூச்சி! அதை எடுத்துப் பதிவுப் புத்தகத்திலேயே ஒட்டி வைத்தார்கள். யந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லுவது அதற்கு முன்பே பழக்கத்தில் இருந்ததால், நிஜப் பூச்சி அகப்பட்டதில் அவர்களுக்கு ஏக குதூகலம். நம் வீடுகளில் கரப்பானும் எறும்பும் அந்தக் கைங்கரியத்தைச் செய்கின்றன.

பூச்சியை விட விநோதமானது பெல்ஜியத்தில் நடந்தது. 2003 மே மாதம் பிரஸ்ஸல்ஸ் அருகே ஸ்கார்பேக் என்ற இடத்தில் தேர்தல். ஒருவருக்கு, விழவே முடியாத அளவுக்கு வாக்குகள் விழுந்திருந்தன. மறுபடி எண்ணியதில் 4,096 வாக்குகள் அதிகம் என்று தெரிந்தது. ஒன்றை இரண்டால் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருகிற எண் அது. கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் ஒரே ஒரு புள்ளி பூஜ்யத்திலிருந்து ஒன்றாக மாறினால் இப்படித்தான் ஆகும். யந்திரத்தைச் சோதித்ததில் பழுது ஒன்றும் தென்படவில்லை. விண்வெளியிலிருந்து வந்த துகள் ஒன்று தட்டி விட்டிருக்கலாம் என்று நிபுணர்கள் ஊகித்தார்கள். இதைப் படித்து விட்டு ஆகாயத்தின் மேல் பழியைப் போட்டு விடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை விழுந்தால் ஆகாயம். வாரத்துக்கு மூன்று தடவை விழுந்தால் காரணம் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

திருச்சிச் சகோதரிக்கு இவ்வளவையும் எழுதி, கூடவே ஒரு யோசனையும் சொல்லியிருந்தேன். நோட்டுப் புத்தகம் எழுதும் உத்தியோகத்தைப் பையனிடமே கொடுங்கள். சோதனைக்காகத் தினம் அரைமணி விளையாடவும் விடுங்கள் என்று. அவன் அப்பா முதலில் ஆட்சேபித்தாராம். குற்றவாளியே குமாஸ்தாவா என்று!

பதினாறு நாளைக்குப் பிறகு நோட்டுப் புத்தகத்தின் நகல் வந்தது. கையெழுத்து மணி மணியாக இருந்தது. மொத்தம் பதினொரு தடவை விழுந்திருக்கிறது. பதினொன்றும் விளக்கை ஊதின மாதிரி. யந்திரத்தின் டயரியிலும் பதினொரு 41, பதினொன்றிலும் பூஜ்யம். விளையாட்டின் போது விழுந்தது இரண்டே தடவை. ஒரு தடவை எதனுடனும் சேராதது. மற்ற எட்டுக்கும் எதிரே, 'வீட்டில் வேறு என்ன' என்ற கட்டத்தில், பையன் ஒரே வார்த்தையை எழுதியிருந்தான்: மிக்ஸி. 'பாட்டி சட்னி அரைத்தாள்' என்று ஓரிடத்தில் சாட்சியும் போட்டிருந்தான்.

சமையலறையும் கம்ப்யூட்டர் மேஜையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். இரண்டுக்கும் ஒரே லயன். மிக்ஸியின் மோட்டார் கிளம்புகிற முதல் கணத்தில் மின்சாரத்தை ஒரு மடக்கு அதிகமாகக் குடிக்கும். அப்போது லயனில் வோல்டேஜ் கண் இமைக்கும் நேரம் இறங்குகிறது. விளக்கு லேசாகச் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டருக்குள், 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் எஸ். எம். பி. எஸ். என்ற தகரப் பெட்டி இருக்கிறது. நல்ல நிலையில் இருந்தால் மின்சாரம் அடியோடு நின்று போனாலும், சுமார் 16 மில்லி விநாடி, அதாவது விநாடியை ஆயிரம் கூறாக்கினால் பதினாறு கூறு, சேமிப்பிலிருந்து அது தாக்குப் பிடிக்கும். சேமித்து வைப்பவை 'கெபாசிட்டர்' என்ற சிறு குப்பிகள். வருஷக்கணக்கில் உஷ்ணத்தில் இருந்து அவை உலர்ந்து போனால் சேமிப்பும் கரைந்து விடுகிறது. விளையாட்டின் போதும் இதே பலவீனந்தான். படம் வேகமாக ஓடும் போது உள்ளே செலவு அதிகம். கிழப் பெட்டியால் கொடுக்க முடியவில்லை. கடை மேஜையில் ஏன் ஓடிற்று என்பதும் இப்போது விளங்குகிறதல்லவா? அங்கே யாரும் சட்னி அரைக்கவில்லை.

ஆனால் ஊகத்தை நம்பிப் பணம் செலவழிக்கக் கூடாது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து பார்க்க வேண்டும். (அந்தக் கடையில் விண்டோஸையும் 'ராமை'யும் சேர்த்து மாற்றினார்களே, அது குணமாகியிருந்தாலும் எதனால் என்று தெரிந்திராது.) முதலில் வேறு லயன் உள்ள அறைக்குக் கம்ப்யூட்டரை மாற்றி வைத்தார்கள். நாலு நாளில் மிக்ஸியால் ஒரு தடவையும் விழவில்லை. விளையாட்டின் போது ஒரு தடவை விழுந்தது. ஆகவே லயனோடு விஷயம் தீரவில்லை. பிறகு பழைய இடத்துக்கே கொண்டு வந்து, சகோதரியின் தம்பி வீட்டிலிருந்து ஒரு நல்ல எஸ். எம். பி. எஸ்ஸை இரவல் வாங்கி, தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு பொருத்தினார்கள். மூன்று வாரம் சட்னி அரைத்தார்கள், மாவு அரைத்தார்கள், பையன் விளையாடினான். விழவில்லை. புதிய பெட்டி வாங்கியாயிற்று. அப்பா பையனிடம் ஒன்றும் சொல்லவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து அவரும் அந்த விளையாட்டை ஆடிப் பார்த்தாராம். நேரே சொல்லியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தகரப் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். பழுது பார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லி, முழுப் பெட்டியாகவே மாற்றி விடுங்கள்.

எல்லா வீட்டிலும் மிக்ஸியே குற்றவாளியாக இருக்காது. கிளம்பி இருபது நிமிஷம், அரைமணி கழித்து, அதுவும் மத்தியான வேளையில் அதிகமாக விழுந்தால் உஷ்ணம். பிளக்கைப் பிடுங்கி, பால்கனிக்குக் கொண்டு போய்ப் பக்கத் தகட்டைக் கழற்றினால், விசிறியின் அடியில் தூசி கம்பளி போல் படிந்திருப்பதைக் காணலாம். மெல்லிய பிரஷ்ஷால் எடுக்கலாம். ஊதுகிற போது விசிறியை விரலால் பிடித்துக் கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுற்ற விடக் கூடாது. தூசி எடுத்தும் சூடு தணியவில்லையென்றால், பிராஸஸருக்கும் அதன் மேலுள்ள உலோகக் கட்டிக்கும் நடுவே தடவிய பசை காய்ந்து போயிருக்கும். அதை மாற்றுவது மெக்கானிக்குக்குச் சின்ன வேலைதான்.

ஒழுங்கே இல்லாமல், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக விழுந்தால் 'ராம்'. விண்டோஸிலேயே அதைச் சோதிக்கும் கருவி இருக்கிறது. 'மெம்டெஸ்ட் 86' என்ற இலவசச் சோதனை இன்னும் கண்டிப்பானது. இரவு படுக்கப் போகும் போது ஓட விட்டு, காலையில் காப்பி போட்டுக் கொண்டு பாருங்கள். ஒரு பிழை காட்டினாலும் பிழைதான். இரண்டு துண்டு இருந்தால், ஒன்றைக் கழற்றி மற்றதை மட்டும் வைத்துச் சோதித்தால் கெட்டது எது என்று தெரிந்து விடும்.

யு. பி. எஸ். இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதன் பாட்டரிக்கு வயது என்ன என்று பாருங்கள். மூன்று வருஷத்துக்கு மேல் போனால் சந்தேகந்தான். கம்ப்யூட்டரை மூடி விட்டு, யு. பி. எஸ்ஸில் ஒரு மேஜை விளக்கை மட்டும் செருகி, சுவர் ஸ்விட்சை அணையுங்கள். விளக்கும் உடனே அணைந்தால், இத்தனை நாள் நீங்கள் வெறும் டப்பாவைத்தான் நம்பியிருக்கிறீர்கள்.

'எங்கள் வீட்டில் இருப்பது லாப்டாப், அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?' என்று சிலர் கேட்பார்கள். நோட்டுப் புத்தகமும் பிரதி எடுப்பதும் அப்படியே பொருந்தும். மெத்தை மீது வைத்து வேலை செய்தால் காற்று போகிற துவாரம் அடைபட்டுச் சூடேறும், பலகை மேல் வையுங்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தாலும், விரலால் தடவுகிற சதுரம் மேலே எழும்பியிருந்தாலும் பாட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை அமுக்கிப் பார்க்கவோ குத்திப் பார்க்கவோ கூடாது. சார்ஜும் போடக் கூடாது. அணைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல், துணிமணி காகிதம் இல்லாத இடத்தில் வைத்து, அன்றைக்கே சர்வீஸ் செய்கிறவரிடம் கொண்டு போய் விடுங்கள்.