எத்தனை நாள் ஓடியது என்பது விமரிசனமாகுமா?

அண்மையில் ஒரு கருத்தரங்கில் கீதாஞ்சலி ராவ் இயக்கிய 'பாம்பே ரோஸ்' (2019) என்னும் அசைவூட்டத் திரைப்படத்தைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். முடித்ததும் அமர்வுத் தலைவர் கேட்ட முதற்கேள்வி இது: "அந்தப் படம் எத்தனை நாள் ஓடியது?" அரங்கம் சிரித்தது. அவரே தொடர்ந்தார்: "மகாவதார் நரசிம்மா 300 கோடியைத் தாண்டிவிட்டது. மக்கள் பார்த்த படத்தை விட்டுவிட்டு, யாரும் பாராத படத்தை ஏன் ஆராய வேண்டும்?" நான் வாய் திறப்பதற்குள் நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள்.

என் மனக்குறையைத் தீர்த்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. அன்று என் அருகில் அமர்ந்திருந்த முதலாமாண்டு ஆய்வாளர் ஒருவர், கையால் வரையப்பட்ட இந்திய அசைவூட்டப் படங்கள் என்ற தம் தலைப்பை அடுத்த வாரமே மாற்றிக்கொண்டார். "ஓடாத படத்துக்கு ஒப்புதல் தரமாட்டார்கள்" என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஒரு சிரிப்பு ஓர் ஆய்வை நிறுத்திவிட்டது. ஆகவே அந்தக் கேள்வியை அது பெறத்தக்க கவனத்தோடு எடுத்துக்கொள்வோம்.

கேள்விக்குள் ஒளிந்திருக்கும் கருத்து, மிகுதியாக வசூலித்த படமே மேலான படம் என்பது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. தரத்தை மாறாமல் வைத்துக்கொண்டு வசூல் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே படத்தை இரு நாடுகளில் வைத்துப் பார்த்தால் போதும்.

ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' 2001இல் ஜப்பானில் வெளியாகி 3000 கோடி யென்னுக்கு மேல் ஈட்டியது. 2020இல் 'டீமன் ஸ்லேயர்: முகென் டிரெயின்' முந்தும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்நாட்டின் வசூல் பட்டியலில் அதுவே முதலிடம் வகித்தது. அதே படம் 2002இல் அமெரிக்காவில் மிகச் சில திரைகளில் வெளியிடப்பட்டது. மறு ஆண்டு ஆஸ்கார் விருது கிடைத்த பிறகே கூடுதல் திரைகள் தரப்பட்டன. அந்த முதல் வெளியீட்டில் அங்கே அது ஈட்டியது சுமார் 1 கோடி டாலர்தான். படத்தின் ஒரு சட்டகமும் மாறவில்லை. மாறியவை திரைகளின் எண்ணிக்கை, விளம்பரம், மொழி, பார்வையாளரின் பழக்கம். அப்படியானால் வசூல் அளந்தது எதை?

காலத்தை மாற்றியும் பார்க்கலாம். டிஸ்னியின் 'பினோக்கியோ' 1940இல் வெளியானபோது நட்டம். போர் ஐரோப்பியச் சந்தையை மூடியிருந்தது முக்கியமான காரணம். இன்று அசைவூட்ட வரலாற்றை எழுதும் எவரும் அப்படத்தைத் தாண்டிச் செல்ல முடியாது. பிராட் பேர்டின் 'தி அயர்ன் ஜெயன்ட்' (1999), தன் செலவில் பாதியைக்கூட அமெரிக்கத் திரையரங்குகளில் மீட்கவில்லை. தயாரித்த நிறுவனம் அதை ஒழுங்காக விளம்பரப்படுத்தவில்லை. பின்னர் தொலைக்காட்சியிலும் வட்டுகளிலும் பார்த்த தலைமுறைதான் அதற்குரிய இடத்தை மீட்டுக் கொடுத்தது. நம் நாட்டிலேயே சான்று உண்டு. யூகோ சாகோவும் ராம் மோகனும் இணைந்து பணியாற்றிய இந்திய-ஜப்பானிய 'ராமாயணம்', தொண்ணூறுகளில் திரையரங்கில் பெரிய வெற்றி பெறவில்லை. தொலைக்காட்சி வழியாகவே அது வீடுகளுக்குள் நுழைந்தது. அந்த நினைவின் பலத்தில்தான் 2025 ஜனவரியில் அது மீண்டும் திரைக்கு வந்தது. தொண்ணூறுகளின் வசூல் கணக்கை மட்டும் வைத்து எழுதினால், அந்தப் படம் வரலாற்றிலேயே இடம்பெறாது.

இனி ஒரே ஆண்டின் இரு படங்கள். 2015இல் 'மினியன்ஸ்' உலகெங்கும் சுமார் 115 கோடி டாலர் ஈட்டியது. 'இன்சைடு அவுட்' சுமார் 85 கோடி. முன்னது, ஏற்கெனவே புகழ்பெற்ற மஞ்சள் நிறக் குட்டிகளின் அடுத்த வருகை. பின்னது, ஒரு சிறுமியின் மனத்துக்குள் நிகழும் புதிய கதை. துயரமும் வாழ்வுக்குத் தேவை என்று குழந்தைகளிடம் சொல்லத் துணிந்த படம். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் 'இன்சைடு அவுட் 2' வந்து சுமார் 169 கோடி டாலர் ஈட்டியது. முதற்படத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு! தரமும் இருமடங்கானதா? இல்லை. முதற்படம் சேர்த்துவைத்த நம்பிக்கையின் வட்டியை இரண்டாம் படம் பெற்றுக்கொண்டது. ஒரு படத்தின் தரம் தரும் பயன் வேறொரு படத்தின் கணக்கில் வரவு வைக்கப்படலாம் என்பதை வசூல் பட்டியல் நமக்குச் சொல்வதில்லை.

இதற்கெல்லாம் அடிப்படையான உண்மை ஒன்றுண்டு. நுழைவுச்சீட்டு, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே வாங்கப்படுவது. முதல்நாள் வசூல் அளப்பது எதிர்பார்ப்பை, அனுபவத்தை அன்று. மேலும், வசூல் என்பது தலைகளின் எண்ணிக்கையும் அன்று. தலைகளைச் சீட்டின் விலையால் பெருக்கிய தொகை. 1994இன் 'தி லயன் கிங்' முதல் வெளியீட்டில் ஈட்டியதைப்போல் இருமடங்குக்கும் மேலாக அதன் 2019 மறுஆக்கம் ஈட்டியது. இடையே இருபத்தைந்து ஆண்டுகளின் விலையேற்றமும், விரிந்த வெளிநாட்டுச் சந்தைகளும், முப்பரிமாணத் திரைகளுக்கான கூடுதல் கட்டணமும் இருக்கின்றன. உயிருள்ள சிங்கத்தைப்போலவே தோன்ற வேண்டும் என்ற பிடிவாதத்தில், சிங்கங்களின் முகத்திலிருந்து உணர்ச்சியே வடிந்துபோனது என்று விமரிசகர் பலர் மறுஆக்கத்தைக் குறை கூறினர். பழைய படத்தில் கோட்டோவியம் செய்து காட்டியதைப் புதிய தொழில்நுட்பம் செய்யவில்லை. ஆயினும் பட்டியலில் மேலே நிற்பது புதியதுதான்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நான் மறைக்க விரும்பவில்லை. "வசூல் மக்களின் தீர்ப்பு, அதைப் புறந்தள்ளுவது மேட்டிமைப் புத்தி" என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. அசுவின் குமார் இயக்கிய 'மகாவதார் நரசிம்மா' 2025 ஜூலையில் பெரிய நட்சத்திரக் குரல்களின் துணையின்றிச் சிறிய அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டத்தைக் கூட்டிக்கொண்ட படம். பார்த்தவர்கள் பிறரிடம் சொன்னதால் வளர்ந்த வசூல் அது. முதல்நாள் ஆரவாரத்தால் வந்ததன்று. நான் பயிலும் ஐதராபாத்தில் அதைப் பார்த்தேன். தூண் பிளந்தபோது அரங்கில் எழுந்த ஒலியை எளிதில் மறக்க முடியாது. அசைவூட்டம் குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்ற நம் சந்தையின் பழைய எண்ணத்தை அப்படம் அசைத்தது. அது ஆய்வுக்குரியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த ஒலி எதைக் குறித்தது? பக்தியையா, தெரிந்த கதை கண்முன் நிகழும் நிறைவையா, அசைவின் நேர்த்தியையா? வசூல் இவற்றைப் பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்டுவதுதான் ஆய்வாளரின் வேலை. என் மதிப்பீடு இது: இறுதிப் பகுதியில் நரசிம்மத்தின் உடல் எடையோடும் வேகத்தோடும் இயங்குகிறது, காட்சிக்கோணங்கள் துணிவானவை. முற்பகுதியில் மனிதர்களின் முகங்கள் கணினி விளையாட்டின் இடைக்காட்சிகளைப்போல் விறைத்து நிற்கின்றன. இந்த இரண்டையும் 300 கோடி என்ற எண் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது.

'பாம்பே ரோஸ்' வேறு வழியில் சென்றது. சட்டகம் சட்டகமாகத் தீட்டப்பட்ட அப்படத்தில், பூ விற்கும் கமலாவின் கனவு தொடங்கும்போது மும்பைத் தெரு பழைய சிற்றோவியத்தின் உலகமாக உருமாறுகிறது; கனவு கலையும்போது நெரிசலும் புழுதியும் திரும்புகின்றன. ஏழையின் கற்பனைக்குத் தனியொரு ஓவிய மொழியைத் தந்த படம் அது. குறையும் உண்டு: கதையிழைகள் மிகுந்துபோய், இடையில் தளர்கிறது. வெனிஸ் திரைப்பட விழாவின் விமரிசகர் வாரத்தைத் தொடங்கிவைத்த இப்படம் இந்தியத் திரையரங்குகளில் பரவலாக வெளியாகவில்லை. 2021இல் நெட்ஃபிளிக்ஸுக்குச் சென்றது. மக்களின் தீர்ப்பு என்கிறீர்கள். வாக்குச்சீட்டில் பெயரே அச்சிடப்படாத வேட்பாளர் தோற்றுவிட்டார் என்று அறிவிப்பது எவ்வகைத் தீர்ப்பு? "எத்தனை நாள் ஓடியது" என்று கேட்பதற்கு முன், "எத்தனை திரை தரப்பட்டது" என்று கேட்டிருக்க வேண்டாமா?

இங்கே என் தரப்பினரையும் கண்டித்தாக வேண்டும். ஓடாத படம் என்பதாலேயே அதைக் கலை என்று கொண்டாடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதுவும் அதே பிழைதான். தராசைத் தலைகீழாகப் பிடிப்பதால் அது வேறு கருவியாகிவிடாது. ஜப்பானிய வசூலில் முதலிடம் பிடித்த 'ஸ்பிரிட்டட் அவே' உலகின் மிகச் சிறந்த அசைவூட்டப் படங்களுள் ஒன்றும்கூட. லாத்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ' (2024), பிளெண்டர் என்ற கட்டணமற்ற மென்பொருளில், சுமார் 35 லட்சம் யூரோ செலவில், ஒரு சொல் வசனமும் இல்லாமல் எடுக்கப்பட்டது. அது ஆஸ்கார் விருது பெற்றது. தன் செலவைப்போல் பல மடங்கு ஈட்டியது. லாத்வியத் திரையரங்குகளில் மிகுதியானோர் பார்த்த படமாகவும் ஆனது. தரம் வசூலுக்குப் பகையன்று. இரண்டும் இருவேறு கேள்விகள், அவ்வளவே.

கேள்விகளைக் கலந்தால் இழப்பு யாருக்கு? வசூலித்த படத்துக்கு இழப்பில்லை. அதற்கு அடுத்தடுத்த பாகங்கள் வரும். இழப்பு, எடுக்கப்படவிருக்கும் படங்களுக்கு. பல்கலைக்கழகம் எதைப் பாடமாக வைக்கிறதோ அதை நூலகம் வாங்கும். நூலகம் வாங்கியதை மாணவர் பார்ப்பர். பார்த்தவரிலிருந்தே அடுத்த கலைஞரும் விமரிசகரும் வருவர். சந்தை ஒருமுறை கைவிட்ட படத்தை நாமும் கைவிட்டால் அதைத் தாங்க வேறு இடமில்லை. சந்தையின் பட்டியலை அப்படியே படியெடுப்பதற்கு ஆய்வுத்துறை ஒன்று தேவையில்லை.

ஆகவே நான் கேட்பவை மூன்று. வசூல் எண்ணை மேற்கோள் காட்டும் ஆய்வேடு, திரைகளின் எண்ணிக்கை, வெளியான காலம், சீட்டின் விலை ஆகியவற்றையும் உடன் தரட்டும். தரத்தைப் பற்றிப் பேசும் ஆய்வேடு, கோடு, அசைவு, ஒலி, கதை ஆகியவற்றைக் காட்சியின் துணையோடு பேசட்டும். தலைப்புக்கு ஒப்புதல் தரும் குழு, படம் ஓடியதா என்று பாராமல், கேள்வி புதியதா என்று பார்க்கட்டும்.

அமர்வுத் தலைவருக்கு என் விடை: ஐயா, அந்தப் படம் நம் திரையரங்குகளில் ஓடவில்லை. ஓடுவதற்கு அதற்கு இடம் தரப்படவில்லை. ஏன் தரப்படவில்லை என்பதுதான் என் கட்டுரையின் மூன்றாம் பகுதி. மணி அடிக்காமலிருந்தால் அன்றே வாசித்திருப்பேன்.

தலைப்பை மாற்றிக்கொண்ட நண்பருக்கு: திருத்தம் கோர இன்னும் காலம் இருக்கிறது.