விசா கிடைச்சாச்சு... அப்புறம்?

தல்லாகுளம் பெருமாள் கோயில்ல ஆரம்பிச்சு கோரிப்பாளையம் வரைக்கும் ஒரு நடை போய்ப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். 'வெளிநாட்டில் படிக்க அணுகவும்' போர்டுகளை எண்ண ஆரம்பிச்சா பாதி வழியிலேயே கணக்கு தப்பிரும். ஐ.இ.எல்.டி.எஸ். கோச்சிங், பேங்க் லோனுக்கு ஆலோசனை, ரெண்டுக்கு ரெண்டு இன்ச் அமெரிக்க விசா போட்டோ... ஃப்ளைட் ஏறுற வரைக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் இருக்கு. இறங்கின பிறகு என்ன பண்ணணும்? அதுக்கு மட்டும் போர்டு கிடையாது. அதுல யாருக்கும் கமிஷன் இல்லையே பாஸ்!

இந்த வாரம் அந்தக் கதைதான். கொஞ்சம் சலிப்பான சமாச்சாரம்தான், ஒத்துக்கறேன். ஆனா வெளிநாட்டுல படிக்கப் போய் பாதியில திரும்பி வர்ற பசங்கள்ல பலர் ஃபெயில் ஆகித் திரும்பறதில்லை. ஒரு தேதியை, ஒரு அட்ரஸை, ஒரு இ-மெயிலைக் கோட்டை விட்டுட்டுத் திரும்பறாங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துருவோம். விசா வேற, ஸ்டேட்டஸ் வேற. தமுக்கத்துல பொருட்காட்சி போட்டா வாசல்ல டிக்கெட் வாங்கி உள்ள போவோம்ல? அந்த டிக்கெட்தான் பாஸ்போர்ட்ல ஒட்டியிருக்கிற விசா. அதோட வேலை வாசலோட முடிஞ்சுது. உள்ள போன பிறகு நீங்க யார், எதுக்கு வந்தீங்க, சொன்னபடிதான் இருக்கீங்களாங்கறது ஸ்டேட்டஸ். அமெரிக்காவுல எஃப்-1 விசா ஸ்டிக்கர் தேதி முடிஞ்சாலும் படிப்பு ஒழுங்கா நடந்தா உள்ளேயே இருக்கலாம். ஸ்டேட்டஸ் போச்சுன்னா, ஸ்டிக்கர்ல இன்னும் நாலு வருஷம் பாக்கி இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. நம்மாளுங்க விசாவுக்கு மாரியம்மனை வேண்டிக்கிறாங்க, ஸ்டேட்டஸை அம்போன்னு விட்டுர்றாங்க.

அந்த ஸ்டேட்டஸைக் கவனிக்கிற கம்ப்யூட்டருக்குப் பேர் செவிஸ். விசா இன்டர்வியூவுக்கு முன்னாடி 350 டாலர் தனியா கட்டச் சொல்றாங்களே, அது இதுக்குத்தான். இது வந்த கதை தெரியுமா? 2001 செப்டம்பர் 11-ல விமானங்களைக் கடத்தினவங்கள்ல ஒருத்தன் ஆங்கிலம் படிக்கிறேன்னு ஸ்டூடன்ட் விசாவுல உள்ள வந்தவன். கிளாஸ் பக்கமே போகலை. அவன் வரலைன்னு யாரும் கவனிக்கவும் இல்லை. இன்னொரு கூத்து 2002 மார்ச்சில் நடந்துச்சு. தாக்குதல் நடந்து சரியா ஆறு மாசம் கழிச்சு, கடத்தல்காரங்கள்ல ரெண்டு பேருக்கு ஸ்டூடன்ட் விசா அனுமதி ஆகியிருக்குன்னு ஃப்ளோரிடாவுல அவங்க பயிற்சி எடுத்த விமானப் பள்ளிக்கு அரசாங்கத்துக்கிட்டருந்து தபால் வந்துச்சு! அமெரிக்காவே தலையில அடிச்சுக்கிச்சு. காகிதத்துல கிடந்த கணக்கு 2003-ல செவிஸுக்கு மாறினது அதுக்கப்புறம்தான். அன்னிக்கு உங்களுக்கு பால்வாடி வயசுகூட இல்லை. ஆனா அந்த ரெண்டு பேரோட கணக்கை நீங்கதான் இன்னிக்கு வரைக்கும் எழுதிக்கிட்டு இருக்கீங்க.

செவிஸ் எப்படி வேலை செய்யுது? கோர்ஸ் ஆரம்பிக்கிற தேதியிலருந்து 30 நாளுக்குள்ள, 'இந்தப் பையன் வந்து சேர்ந்துட்டான்'னு காலேஜ் அதுல பதியணும். பதியறவர் பேர் டி.எஸ்.ஓ. அமெரிக்காவுல உங்க புரொபசரைவிட முக்கியமான ஆள் இவர்தான். வீடு மாறினா 10 நாளுக்குள்ள இவருக்குச் சொல்லணும். இங்கதான் நம்ம பசங்க மாட்டுவாங்க. முதல் மாசம் சீனியர் ரூம்ல தரையில மெத்தை. ரெண்டாவது மாசம் ஆந்திரா பசங்களோட ஷேரிங். மூணாவது மாசம் வாடகை கம்மின்னு ஊருக்கு வெளியே. மூணு மாசத்துல மூணு வீடு, செவிஸ்ல மட்டும் பழைய மெத்தை அட்ரஸ்! "எல்லாம் இ-மெயில்லதான வருது, அட்ரஸ்ல என்ன இருக்கு?"ன்னு கேக்காதீங்க. சட்டப்படி அது உங்க கடமை. காலேஜ் பாத்துக்கும்னு விட முடியாது.

அடுத்தது கோர்ஸ் டிராப். ஒரு பேப்பர் கஷ்டமா இருக்கு, அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம்னு மவுஸை ஒரு கிளிக் பண்ணுவீங்க. யூ.ஜி. மாணவர்னா செமஸ்டருக்கு 12 கிரெடிட் குறையக் கூடாது. பி.ஜி.க்கு எத்தனைன்னு அந்தந்த யுனிவர்சிட்டி சொல்லும், பல இடத்துல 9. ஆன்லைன் வகுப்புன்னா ஒண்ணே ஒண்ணுதான் இந்தக் கணக்குல சேரும். உடம்பு சரியில்லையா, முதல் செமஸ்டர்ல இங்கிலீஷ் பிடிபடலையா, கிரெடிட்டைக் குறைச்சுக்க வழி இருக்கு. ஆனா டி.எஸ்.ஓ. முன்னாடியே ஓகே சொல்லணும். முதல்ல அவர், அப்புறம்தான் கிளிக். வரிசை மாறினா நல்ல காரணம்கூடக் கெட்ட காரணம் ஆயிரும்.

வேலையும் அப்படித்தான். செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள்ள வாரம் 20 மணி நேரம். வெளியில பெட்ரோல் பங்க்ல, ஹோட்டல்ல கைக்காசு வாங்கிட்டு நிக்கிறது ஆபத்து. "எல்லாரும்தான் பண்றாய்ங்க மாப்ள"ன்னு சொல்ற சீனியர், மாட்டினா உங்க பக்கத்துல நிக்கப் போறதில்லை.

'எல்லாரும்தான்' எங்க கொண்டுபோய் விடும்ங்கறதுக்கு ரெண்டு கதை. 2011 ஜனவரியில கலிஃபோர்னியாவுல ட்ரை-வேலி யுனிவர்சிட்டின்னு ஒண்ணை மூடினாங்க. அங்க இருந்த மாணவர்கள்ல பெரும்பாலானவங்க இந்தியர்கள், அதுலயும் ஆந்திரப் பசங்க. வகுப்பு பேருக்குத்தான், ஐ-20 மட்டும் கைக்கு வந்துரும். சில மாணவர்கள் கணுக்கால்ல ரேடியோ பட்டையை மாட்டிவிட்டு, எங்க போறாங்கன்னு கண்காணிச்சாங்க. நம்ம நாட்டு அரசாங்கமே கண்டனம் தெரிவிச்சது. நடத்தின அம்மாவுக்கு 2014-ல 16 வருஷம் ஜெயில். சரி, பாடம் படிச்சோமா? 2019 ஜனவரியில ஃபார்மிங்டன் யுனிவர்சிட்டி. இதை நடத்தினதே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை! மிச்சிகன்ல ஒரு ஆஃபீஸ், ஒரு வெப்சைட். வாத்தியாரும் இல்லை, வகுப்பும் இல்லை. பொறியில விழுந்து முதல்ல கைதான 130 பேர்ல 129 பேர் இந்தியர்கள். அரசாங்கமே போலி காலேஜ் நடத்திப் பசங்களைப் பிடிக்கிறது நியாயமான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்வேன். ஆனா வகுப்பே இல்லாத காலேஜ்ல ஃபீஸ் கட்டினவங்க எல்லாருக்கும் ஒண்ணுமே தெரியாதுன்னும் சொல்ல முடியலை.

எல்லாத்தையும் சரியா பண்ணினவங்களுக்கும் இடி விழுந்ததுண்டு. 2025 ஏப்ரல்ல ஆயிரக்கணக்கான மாணவர்களோட செவிஸ் பதிவை அமெரிக்க அரசு திடீர்னு ரத்து பண்ணுச்சு. பலருக்குக் காரணம்கூட சொல்லலை. பழைய டிராஃபிக் கேஸ் இருந்தவங்களும், தள்ளுபடியான வழக்குல பேர் இருந்தவங்களும் அதுல இருந்தாங்க. கோர்ட்டுக்குப் போனாங்க, நீதிபதிகள் வரிசையாத் தடை போட்டாங்க, அந்த மாசக் கடைசியில பதிவுகளைத் திரும்பக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அந்த நேரத்துல கைகொடுக்கறது ஃபைல்தான். அட்ரஸ் மாத்தினப்ப அனுப்பின மெயில், டி.எஸ்.ஓ. கொடுத்த பதில், பழைய ஐ-20 ஒவ்வொண்ணும். தூக்கிப் போட்டுராதீங்க. லீவுக்கு மதுரை வர்றப்ப ஐ-20-யோட ரெண்டாம் பக்கத்துல டி.எஸ்.ஓ. போட்ட பயணக் கையெழுத்தையும் பாருங்க. படிக்கிறவங்களுக்கு அது ஒரு வருஷம் செல்லும், படிப்பு முடிச்சு ஓ.பி.டி.யில வேலை பார்க்கிறவங்களுக்கு ஆறே மாசம்.

பிரிட்டன்ல வேற மாதிரி. அங்க யுனிவர்சிட்டிதான் உங்களுக்கு ஸ்பான்சர். நீங்க வகுப்புக்கு வராம போனா அது அரசாங்கத்துக்குச் சொல்லியாகணும், சொல்லலைன்னா அதுக்கே ஆபத்து. 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிட்டன் யுனிவர்சிட்டியோட லைசென்ஸையே பிடுங்கினாங்க. ரெண்டாயிரத்துக்கு மேல வெளிநாட்டு மாணவர்கள் ஒரே ராத்திரியில அந்தரத்துல தொங்கினாங்க. இப்ப அட்டைக்குப் பதிலா இ-விசா. புது பாஸ்போர்ட் எடுத்தா அந்த நம்பரை ஆன்லைன் கணக்குல சேர்க்கணும். மறந்தா ஏர்போர்ட்ல கவுன்ட்டர் முன்னாடி நின்னுக்கிட்டு வியர்க்கணும்.

ஜெர்மனி போறவங்க இப்ப ஜாஸ்தி. அங்க வீட்டுக்குக் குடிபோன ரெண்டு வாரத்துக்குள்ள டவுன் ஆஃபீஸ்ல போய்ப் பதியணும். 'அன்மெல்டுங்'னு பேர். வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க, ஜெர்மன்காரங்களுக்கும் இதே சட்டம்தான். வீட்டு ஓனர் 'இவர் என் வீட்டுலதான் இருக்கார்'னு எழுதிக் கொடுக்கணும். சிக்கலே இதுதான். ஃப்ரெண்டோட ரூம்ல ஒட்டிக்கிட்டு இருந்தா அந்தக் கடிதம் கிடைக்காது. கடிதம் இல்லைன்னா பதிவு இல்லை, பதிவு இல்லைன்னா தங்கும் அனுமதி வரைக்கும் எல்லாம் இழுக்கும். அதனால வீடு பார்க்கும்போது வாடகை எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, "பதிவுக்குக் கடிதம் தருவீங்களா?"ன்னு கேளுங்க.

"என்னங்க இந்த நாடுகள் எல்லாம் இப்படிப் படுத்துது?"ன்னு கோவம் வருதா? நம்ம நாட்டையும் கொஞ்சம் பார்ப்போம்.

மதுரைக்கும் படிக்க வர்றாங்க. தமிழ் கத்துக்கறதுக்காகவே அமெரிக்க மாணவர்கள் பல வருஷமா வர்ற ஊரு இது. விஸ்கான்ஸின் யுனிவர்சிட்டி இங்க மாணவர்களை அனுப்பிப் படிக்க வெச்சது. அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இண்டியன் ஸ்டடீஸோட தமிழ் வகுப்பும் மதுரையிலதான். விசா 180 நாளுக்கு மேலன்னா, இறங்கின 14 நாளுக்குள்ள அவங்க பதிஞ்சாகணும். முன்னாடி மாவட்டத்துல எஸ்.பி., மாநகரத்துல கமிஷனர்தான் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி. போட்டோவும் ஜெராக்ஸ் கட்டுமா போய் நிக்கணும். 2018-லருந்து ஆன்லைன். பாஸ்போர்ட், விசா, போட்டோ, காலேஜ் போனஃபைட், தங்கியிருக்கிற இடத்துக்கு ஆதாரம் எல்லாத்தையும் ஏத்தணும். காலேஜை மாத்தணும்னா அனுமதி வாங்கணும். 1939-ம் வருஷத்துப் பதிவுச் சட்டமும் 1946-ம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டமும் போய், 2025 செப்டம்பர் 1-லருந்து ஒரே புதுச் சட்டம் வந்திருக்கு. விசா முடிஞ்சும் தங்கினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா மூணு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டுமேகூட விதிக்கலாம். நாமளும் லேசுப்பட்டவங்க இல்லை!

இதுல உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. வெளிநாட்டுக்காரர் ஒருத்தரைத் தங்க வெச்சா 24 மணி நேரத்துக்குள்ள தகவல் கொடுக்கணும். பல வருஷமா 'சி ஃபார்ம்'னு பேர். லாட்ஜுக்கு மட்டும்னு பலபேர் நினைச்சுட்டு இருக்காங்க, வீட்டுக்கும் உண்டு. சித்திரைத் திருவிழா பார்க்க வாடான்னு கூடப் படிக்கிற கென்யா நண்பரைக் கூப்பிட்டு மாடி ரூம்ல தங்க வெச்சீங்கன்னா, அப்பா பேர்ல ஒரு ஆன்லைன் ஃபார்ம் போயாகணும். அழகரே அழகர்கோயில்லருந்து கிளம்பறப்ப பதினெட்டாம்படிக் கருப்பு முன்னாடி நகைப் பட்டியலை வாசிச்சுட்டுத்தான் வர்றார். திரும்பிப் போனதும் சரிபார்த்துத்தான் உள்ள விடுறாங்க. பதிவேடு நம்ம ஊருக்குப் புதுசா என்ன?

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் தேதி தெரிஞ்ச பயணிகள் கதை. உங்க கிளாஸ்லயே இன்னொருத்தர் இருக்கலாம். மதுரைத் தமிழ்தான் பேசுவார். பிறந்தது பெரியாஸ்பத்திரியா இருக்கலாம். ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர்னு மதுரையைச் சுத்தி இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்கள்ல ஒண்ணுலருந்து பஸ் பிடிச்சு வர்றார். அரசாங்கக் கணக்குல அவர் வெளிநாட்டவர். 1983-லருந்து வர ஆரம்பிச்சவங்களோட பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். விசா கிடையாது, அதனால விசா பதிவும் கிடையாது. அதுக்குப் பதிலா முகாம் பதிவேடு, ஆள் கணக்கெடுப்பு, வெளியூர் போய்த் தங்கணும்னா அனுமதி. 2021-ல அகதிகள் முகாம்ங்கற பேரை மறுவாழ்வு முகாம்னு தமிழக அரசு மாத்துச்சு. 2015 ஜனவரி 9-க்குள்ள வந்து பதிஞ்ச இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லைங்கறதுக்காகத் தண்டனை இல்லைன்னு 2025 செப்டம்பர்ல மத்திய அரசு விலக்கு கொடுத்துச்சு. குடியுரிமை இன்னும் தனிக்கதை. 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்திய மண்ணுல பிறந்தவங்க பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். அதை வெச்சுத்தான், 1986-ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டுச்சு. 2024 மக்களவைத் தேர்தல்ல அவங்க ஓட்டும் போட்டாங்க. உங்க வயசுல இருக்கிற முகாம் நண்பருக்கு அந்தத் தேதி உதவாது, அப்பா அம்மா குடியுரிமையைத்தான் பார்ப்பாங்க.

கேம்பஸ் இன்டர்வியூவுல 'பாஸ்போர்ட் இருக்கா?'ங்கற கட்டத்துல அவர் ஏன் பேனாவை நிறுத்தறார்னு இப்பத் தெரியுதா? அடுத்த தடவை ஐ.வி.க்கு ஊட்டியோ மூணாறோ பிளான் போடறப்ப, தேதியை முந்தின நாள் வாட்ஸ்அப்ல போடாம ரெண்டு வாரம் முன்னாடியே முடிவு பண்ணுங்க. காலேஜ் லெட்டரையும் சேர்த்து வாங்கிக் கொடுங்க. அனுமதி வாங்க அவருக்கு அவ்வளவு நாள் வேணும்.