தேர்வு வைக்காத பாடகர் குழு

பாடம் கெடும் என்று அஞ்சி முதலாண்டு மாணவர்கள் இசைக்குழுக்களை ஒதுக்குவது பெரிய இழப்பு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக இசைச் சங்கம் 1843இல் தொடங்கியது. இசையைப் பாடமாக எடுக்காதவர்களும் அதில் வாசிக்கிறார்கள். அங்குள்ள கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் ஆராதனையை 1928இல் பிபிசி முதன்முதலாக ஒலிபரப்பியது. அதில் பாடும் தேவாலயப் பாடகர் குழுவில், சிறுவர்களின் உச்சக் குரலுக்குக் கீழே ஒலிக்கும் ஆண்குரல்கள் கல்லூரி மாணவர்களுடையவை. அந்தக் குழுவுக்குக் கடுமையான குரல் தேர்வு உண்டு; இருக்கட்டும். எனக்கு அதைவிட முக்கியம், தேர்வே வைக்காமல் எவரையும் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகப் பாடகர் குழுக்கள். பள்ளியில் இசை கற்க வசதியில்லாத பிள்ளை, பக்கத்தில் நிற்பவரின் சுருதியைக் கேட்டுக் கேட்டுத் தன் குரலைப் பொருத்தப் பழகுவது அங்கேதான். அவற்றுக்கு ஒத்திகை அறையும் பயிற்றுநருக்குச் சம்பளமும் தருவது நிர்வாகத்தின் கடமை.