செடூனாவுக்கு முந்தைய இரவு
பெர்த்திலிருந்து கேரவனை இழுத்துக்கொண்டு அடிலெய்டுப் பக்கம் வீடு திரும்பும் ஓய்வுபெற்ற தம்பதியரின் பயணக் குறிப்புகளை விடாமல் படிப்பவன் நான். நல்லார்பார் பொட்டலையும், அதற்கு முன்பு 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் ஓடும் ஏர் நெடுஞ்சாலையையும் எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். என் மனம் நிற்பது செடூனா சோதனைச் சாவடிக்கு முந்தைய இரவில்தான். பழ ஈ தெற்கு ஆஸ்திரேலியத் தோட்டங்களுக்குள் புகுந்துவிடக் கூடாது என்பதால் அங்கே ஒரு தக்காளியைக்கூட விடமாட்டார்கள். ஆகவே மனைவி மிஞ்சிய தக்காளி, குடைமிளகாய், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நறுக்கி ஒரே சட்டியில் வேகவைக்கிறார். கணவர் டார்ச் அடித்து, இருக்கைக்கு அடியில் எலுமிச்சை ஏதும் உருண்டு கிடக்கிறதா என்று குனிந்து தேடுகிறார். முகம் தெரியாத ஒரு விவசாயியின் தோப்புக்காக இரண்டு பேர் இவ்வளவு மெனக்கெடுவதை அந்தச் சாலையின் பெரிய அழகாக நினைக்கிறேன். அபராதத்துக்குப் பயந்துதானே என்பார்கள் சிலர், இருக்கட்டும். பக்கத்துக் கேரவன்காரரின் கதவைத் தட்டி, “ஆப்பிள் இருந்தால் எடுத்து வாருங்கள், சேர்ந்து சாப்பிட்டு முடித்துவிடலாம்” என்று அழைக்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லையே.